பூதலூர்க்காரியின் கோடு

அந்தத் தாளை முதன்முதலில் பார்த்தபோது கோழி கிளறிப்போட்ட குப்பைமேடுதான் நினைவுக்கு வந்தது. ஒரே தாளில் எத்தனையோ கோடுகள், ஒன்றன்மேல் ஒன்றாக. ஒவ்வொரு கோடும் ஒரு நோயாளியாம். புதுச் சர்க்கரை மாத்திரை ஒன்றை ஒரு வெளிநாட்டுக் கம்பெனி தஞ்சாவூரில் நான் வேலைபார்த்த ஆஸ்பத்திரியில் சோதித்துப் பார்த்த காலம் அது. அப்போதுதான் இப்படிப்பட்ட கம்பெனிகள் நம் பக்கம் எட்டிப்பார்க்கத் தொடங்கியிருந்தன. சோதனை பாதி நடந்திருந்தபோது நான் வேலைக்குச் சேர்ந்தேன். நோயாளிகளை மாதாமாதம் வரவழைத்து ரத்தம் எடுக்க வைப்பது என் பொறுப்பு. அந்த அளவுகளை வைத்துக் கணக்குப் போட்டவர் புள்ளியியல் படித்த ஓர் அம்மாள். கணக்கு மேடம் என்போம்.

மற்ற எல்லோருக்கும் சராசரி போதும். அது இறங்கினால் கம்பெனிக்குச் சந்தோஷம். மேடத்துக்குப் போதாது. "சராசரின்னு ஒருத்தர் பஸ் ஏறி வரலையே. ஒரே ஆளைத் திரும்பத் திரும்ப அளந்தா, அந்த அளவெல்லாம் ஒண்ணுக்கொண்ணு சொந்தம். ஏறும், இறங்கும், ஆனா அவங்க ஜாடை இருக்கும்" என்பார். சர்க்கரைக்குக்கூட ஜாடை உண்டா என்று கேலி செய்திருக்கிறேன்.

ஒருநாள் பூதலூர்க்காரி ஒருத்தியின் கோட்டில் அவர் விரல் நின்றது. அழகாக இறங்கிவந்த சர்க்கரை சட்டென்று ஏறி, மேலேயே நின்றுவிட்டிருந்தது. மாத்திரையை நிறுத்தியிருப்பாள் என்றார் டாக்டர். நிறுத்தினால் பழைய இடத்துக்குத்தானே திரும்பும், இது ஆரம்பத்தைவிட எங்கேயோ மேலே அல்லவா நிற்கிறது என்று கேட்ட மேடம், இது வேறு ஆளாக இருக்குமோ என்றார். தாளைப் பார்த்து ஆளைச் சொல்ல இவர் என்ன ஜோசியரா என்று எனக்குச் சிரிப்பு வந்தது.

மறுநாள் இருவரும் பூதலூருக்கு ரயிலேறினோம். வீட்டில் இருந்தவள் நான் மாதாமாதம் பார்த்துவந்த அதே பெண்தான். மேடம் தோற்றார் என்று நினைத்தேன். அவளோ எங்களை உட்காரவைத்து, மோர் கொடுத்துவிட்டு, ஒளிக்காமல் சொல்லிவிட்டாள். எங்கள் பதிவில் பேர் உள்ளவள் அவளுடைய ஓர்ப்படியாம், கொழுந்தனின் மனைவி. நான் வேலைக்குச் சேருமுன்பே பனியன் கம்பெனி வேலைக்குக் குடும்பத்தோடு திருப்பூர் போய்விட்டாள். மாத்திரைகளை இவள் தவறாமல் அங்கே கொடுத்தனுப்பியிருக்கிறாள். தான் ஒன்றைக்கூட விழுங்கவில்லை.

"வர்றேன்னு டாக்டருகிட்ட சொன்னவ அவ. நடவுக்குச் சொன்ன ஆள் வர முடியலன்னா, வீட்டுலேருந்து இன்னொருத்தி போய் நிக்கிறதில்லைங்களா? அப்படித்தான் வந்தேன்."

மேடம் அவள் காலைப் பார்த்தார். பெருவிரலில் பழந்துணிக் கட்டு. சேற்றுப்புண்ணாம், ஆறவே மாட்டேன் என்கிறதாம். ஏறிநின்ற அந்தச் சர்க்கரை முழுக்க இவளுடையது. இத்தனை மாதமாக நாங்களே அளந்திருக்கிறோம். இவளுக்கென்று ஒருவரும் வைத்தியம் பார்க்கவில்லை.

அந்தக் கோட்டை நீக்கச் சொன்னது கம்பெனி. மேடம் நீக்கினார். "கணக்குலேருந்து எடுத்துட்டேன். நீங்க அந்தப் பொண்ணை ஆஸ்பத்திரியிலேருந்து எடுத்துடாதீங்க" என்று மட்டும் டாக்டரிடம் சொன்னார்.

இன்று அடையாள அட்டையைக் காட்டினால்தான் ஆஸ்பத்திரியில் சீட்டே தருகிறார்கள். ஒருவருக்காக இன்னொருவர் வந்து நிற்க முடியாது. அன்று அவளை வைத்தியத்துக்கு வரவழைத்தபோது, சீட்டு எழுத நான்தான் பேர் கேட்டேன். பழக்கத்தில் ஓர்ப்படியின் பேரைச் சொன்னாள். உங்கள் பேரைச் சொல்லுங்கள் என்றேன். நீட்டியிருந்த கட்டுப்போட்ட காலை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

"எனக்கா பாக்கப்போறீங்க?" என்றாள்.