அறுபதில் ஒன்று

போன ஞாயிற்றுக்கிழமை தளி என்கிற ஊரில் ஒரு குழந்தைக்குப் பெயர் வைத்தார்கள். எனக்கும் அழைப்பு இருந்தது. ஓசூர் பஸ் ஸ்டாண்டில் தளி பஸ் இரண்டை விட்டுவிட்டு மூன்றாவதில்தான் ஏறினேன்.

கூட்டமா? இல்லை. அந்த வீட்டு வாசலை மிதிக்க வெட்கம்.

குழந்தையின் அம்மா பத்மா என் சிநேகிதி. ஓசூர் தொழிற்சாலை ஒன்றில் எட்டு வருடமாக ஒரே மேஜையில் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. வண்டிகளுக்குப் போகிற ரப்பர் சீல்களை டியூப்லைட் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, நல்லதைப் பச்சைப் பெட்டியிலும் பழுதைச் சிவப்புப் பெட்டியிலும் போடுவது எங்கள் உத்தியோகம். பத்திரிகையில் இந்தப் பக்கத்தை எழுதுவதெல்லாம் லீவு நாளில்தான்.

பத்மாவுக்குக் கல்யாணமாகிப் பதினோரு வருடம் கழித்து, முப்பத்தாறு வயதில், முதல் தடவையாக வயிற்றில் ஒன்று தங்கியது. வயதைக் கேட்ட டாக்டர், ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று ஒரு ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்தார். முடிவு சொல்ல பெங்களூருக்கு வரச் சொன்னார்கள்.

அவள் கணவன் நாகராஜ் முட்டைக்கோஸ் அறுவடையில் மாட்டிக்கொண்டிருந்தான். “நீங்க கூடப் போங்கக்கா. உங்களுக்கு இங்கிலீஷு வருது, நாலு விசயமும் தெரியுது. இவ பயந்துக்குவா” என்றான்.

நாலு விஷயம் தெரிந்தவள்! எனக்குப் பெருமை தாங்கவில்லை. பத்மாவின் ஃபைலை நான்தான் தூக்கிக்கொண்டு நடந்தேன்.

பெங்களூர் ஆஸ்பத்திரி டாக்டரம்மா பொறுமைசாலி. கன்னடத்தில் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். இதே முடிவோடு அறுபது பேர் வந்தால், அதில் ஒருத்தர் குழந்தைக்கு மூளை வளர்ச்சியில் பிரச்னை இருக்கலாம்... மற்ற ஐம்பத்தொன்பதுக்கு இருக்காது. உறுதியாகத் தெரிய வேண்டுமானால் வயிற்றில் ஊசி போட்டு நீர் எடுத்துப் பார்க்கலாம். அந்த ஊசியால் கரு கலைவதும் அபூர்வமாக உண்டு. யோசித்துச் சொல்லுங்கள், அவசரமில்லை.

பத்மாவின் தாய்மொழியே கன்னடம். எல்லாம் அவளுக்குப் புரிந்தது. என் இங்கிலீஷுக்கு அங்கே வேலையே இல்லை. பிடித்துக்கொள்ள ஒரு கைதான் தேவைப்பட்டது. நானோ கையில் ஃபைலை வைத்திருந்தேன்.

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தவள், சந்தாபுரா தாண்டியதும் கேட்டாள். “என்னக்கா பண்றது?”

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். சும்மா இருந்திருந்தால் இன்னும் நல்லது. ஆனால் நாலு விஷயம் தெரிந்தவள் ஆயிற்றே... வாய் சும்மா இருக்குமா?

“நம்ம லைன்ல எடுத்துப் பாக்குற அறுபதுல ஒண்ணு பழுதா வந்தா என்ன பண்ணுவோம் பத்மா? பெட்டியையே திருப்பி அனுப்பிச்சிடுவோம் இல்ல? ரிஸ்க் எடுப்போமா?”

சத்தியமாக ஆறுதல் என்று நினைத்துத்தான் சொன்னேன். எட்டு வருடமாகப் பெட்டி பெட்டியாகத் தள்ளிய மூளை. அறுபதில் ஒன்று என்ற மாத்திரத்தில் அது சிவப்புப் பெட்டியைத் தேடிப் போய்விட்டது. ஐம்பத்தொன்பது என்று டாக்டரம்மா சொன்னது என் காதில் ஏறவே இல்லை. அந்த ஒன்றாகவே இருந்தாலும், தள்ளச் சொல்ல நான் யார்?

பத்மா என்னைப் பார்க்கவில்லை. “நம்ம லைன்ல வர்றது அசையாதுக்கா” என்றாள். “இது நேத்துல இருந்து லேசா அசையுது.”

அதற்குப் பிறகு அத்திப்பள்ளி வந்தது, ஓசூர் வந்தது. இறங்கும்போது ஃபைலை என் கையிலிருந்து அவளே வாங்கிக்கொண்டாள்.

அடுத்த வாரம் அவள் லீவு போட்டாள். லீவு நீண்டுகொண்டே போனது. ஊசி வேண்டாம் என்று சொல்லிவிட்டதாக கேன்டீனில் யாரோ பேசிக்கொண்டார்கள். தளிக்கு எவ்வளவு தூரம்? ஒரு பஸ், ஒரு மணி நேரம். நான் போகவில்லை. ஓவர்டைம் என்று சொல்லிக்கொண்டேன். போனால் அவள் வயிற்றைப் பார்க்க வேண்டியிருக்குமே! பயத்தோடு அவள் ஒவ்வொரு நாளாகத் தள்ளிக்கொண்டிருந்த அந்த மாதங்களில், கூட இருக்க வேண்டிய ஆளான நான் ஒளிந்துகொண்டிருந்தேன். இதை எழுதும்போதும் கூசுகிறது.

ஆனாலும் அவள் அழைப்பு அனுப்பினாள். போனேன். என்னைக் கண்டதும் நாகராஜ், “வாங்கக்கா, வாங்க” என்று நாற்காலி போட்டான். பஸ்ஸில் நான் பேசியதை அவள் அவனிடம் சொல்லவே இல்லை என்று அந்த முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது. பெண் குழந்தை. சைத்ரா என்று பெயர். யாரோ அதைத் தூக்கி என் மடியில் வைத்தார்கள்.

நான் என்ன செய்தேன் தெரியுமா?

கொஞ்சவில்லை. ஜன்னல் பக்கமாக வெளிச்சத்துக்குத் திரும்பினேன். அந்தக் குறைக்கு அடையாளம் என்று எங்கோ படித்தபடி கண்ணின் ஓரம் பார்த்தேன். விரலைப் பிரித்து உள்ளங்கை ரேகையைப் பார்த்தேன். பின்கழுத்தைத் தடவினேன். காதை மடக்கிப் பார்த்தேன்.

“பாத்தாச்சுங்களாக்கா?”

நிமிர்ந்தேன். பத்மா. எவ்வளவு நேரமாக நின்றுகொண்டிருந்தாளோ. குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் காலில் விழுந்திருப்பேன்.

“பாத்தாச்சுன்னா குடுங்க. அவளுக்குப் பசிக்குது.”

வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். பாயசத்தை அப்படியே வைத்துவிட்டு நானும் கிளம்பிவிட்டேன்.

சரி, குழந்தை எப்படி இருந்தது என்றுதானே கேட்க வருகிறீர்கள்? அப்படியானால் நீங்களும் என்னைப் போலத்தான். வாருங்கள்... எங்கள் மேஜையில் பத்மாவின் நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது.