பாஸ்போட்டின்படி என் கணவர் நாய்

இன்று எங்கள் கலியாண நாள். மதியம் நானும் கணவரும் புரோசார்ட் நகரில் ஒரு சீன உணவகத்துக்குப் போனோம்.

தட்டுக்குக் கீழே விரித்திருந்த தாளில் சீனச் சோதிடத்தின் பன்னிரண்டு விலங்குகள், பிறந்த ஆண்டுகள், குணங்கள், பொருத்தங்கள். நான் டிராகன். எலியோடு நன்றாகப் பொருந்துமாம். நாயோடு அறவே கூடாதாம்.

"நீங்கள் எலியப்பா. கலகலப்பாக் கதைச்சு ஆக்களை மயக்குவியளாம்" என்றேன்.

அவர் சூப்பிலிருந்து நிமிரவில்லை. "பாஸ்போட்டில நான் ரண்டு வயசு மூப்பெல்லோ. அதையும் பாரும்."

வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரன் பாஸ்போட்டில் கூட்டி எழுதிய வயதோடுதான் இந்த நாட்டுக்கு வந்தார். அந்தக் கணக்கில் அவர் நாய். விசுவாசம், பிடிவாதம், குறைந்த பேச்சு, வராத ஆபத்துக்கும் இன்றே கவலை. வரிக்கு வரி அவரேதான்.

குழப்பம் அங்கே தொடங்கியது.

"இஞ்சருங்கோ, கலியாணம் கட்டின புதுசில நீங்கள் நல்லாக் கதைப்பியளெல்லோ?"

இறாலின் கோதை உரித்து என் தட்டில் வைத்துக்கொண்டே சொன்னார்: "ஓம். அது இங்க வர முதல்."

ஊரில் நான் கட்டியது எலியைத்தான். சாதகம் பார்த்தவரும் நல்ல பொருத்தம் என்றார். மூன்று வருடம் கழித்து என்னை இங்கே கூப்பிட்டு, விமான நிலையத்தில் குளிர்ச் சட்டையோடு காத்து நின்றவர் யார் என்பதுதான் இப்போது தெரியவில்லை. அறவே கூடாதவர் எனக்கு இறால் உரித்துத் தருவாரா?

உங்கள் வீட்டில் எப்படி? குடும்பம் நடத்துவது பிறந்த ஆளோடா, பாஸ்போட்டில் வந்த ஆளோடா?