நான்காம் மணித்தியாலம்

ஒரு திங்கட்கிழமை காலை சப்பாத்துக்குள் என் கால் போகவில்லை. குண்டசாலையிலிருந்து கண்டிக்கு, கந்தோர் வேலைக்குப் புறப்படும் நேரம். சப்பாத்து சுருங்கிவிட்டது என்று மனைவி ஜெயராணியிடம் சொன்னேன். அவள் குனிந்து என் கணுக்காலை விரலால் அழுத்தினாள். விழுந்த குழி அப்படியே நின்றது.

இரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) பல மடங்கு கூடியிருந்தது. இருபது வருடச் சீனி வருத்தத்தை (நீரிழிவு) நான் ஒரு பொருட்டாகவே எடுத்ததில்லை. “இனி மருந்தால முடியாது ஐயா. மெசின்தான்” என்றார் டொக்டர். அவர் வயதில் எனக்கொரு மகன் இருந்திருக்கலாம். கோபம் வந்தது. யார் மீதென்று தெரியவில்லை.

இடது முன்கையில் பிஸ்டியுலா (நாடியையும் நாளத்தையும் சேர்த்துத் தைக்கும் சத்திரசிகிச்சை) செய்தார்கள். பிறகு செவ்வாயும் வெள்ளியும் காலை வேளைகளில் டயாலிசிஸ் (இரத்தத்தை வெளியே எடுத்துச் சுத்திகரித்துத் திருப்பி ஏற்றுவது). இரண்டு தடித்த ஊசிகள், நான்கு மணித்தியாலம். கையை அசைக்கக் கூடாது. பிடித்துவைத்த பிள்ளையார் மாதிரி கிடக்க வேண்டும். எங்கள் கிறிஸ்தவ சபையில் இந்த உவமையைச் சொன்னால் முகம் சுளிப்பார்கள்.

ஆம், நான் சபைக்குப் போகிறவன். கண்டி பஸ் நிலையத்தில் சனிக்கிழமைகளில் கைப்பிரதி கொடுத்துத் திரிந்தவன். வாங்கியவர்களில் பாதிப்பேர் என் கண்முன்னே கசக்கி எறிந்தார்கள். பஸ்ஸில் பேசத் தொடங்கினால் அடுத்த தரிப்பிலேயே இறங்கிப் போனார்கள். நான் சோர்ந்ததில்லை.

நோய் வந்தபோது எங்கள் போதகர் என் தோளில் கைவைத்து, “கர்த்தர் உங்களுக்கொரு வாசலைத் திறந்திருக்கிறார் பிரதர்” என்றார். அந்த வாசல் பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்தது. பெயர் காளிமுத்து. தெல்தோட்டைப் பக்கத்துத் தோட்டமொன்றில் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்தவர். நாற்பத்தேழு வயது. கழுத்தில் கறுப்புக் கயிறு, நெற்றியில் திருநீறு.

முதல் வெள்ளியே தொடங்கினேன். பாவம், மீட்பு, சிலுவை, என் சொந்தச் சாட்சி. அவர் எல்லாவற்றுக்கும் “சரிங்க ஐயா” என்றார். இத்தனை வருடத்தில் எவரும் என்னை இவ்வளவு நேரம் கேட்டதில்லை. வீட்டில் ஜெயராணியிடம் பெருமையாகச் சொன்னேன்.

“அந்த மனுசன் எழும்பி ஓடேலாமல் கிடக்குது. உங்களுக்கு வருத்தம் சிறுநீரகத்திலையோ, வாயிலையோ?” என்றாள்.

நான் அவளுக்கு விசுவாசம் போதாது என்றேன். ஞாயிற்றுக்கிழமை சபையில் எழுந்து, ஓர் ஆத்துமா கிட்ட வந்துவிட்டது என்று அறிவித்தேன். காளிமுத்துவின் பெயரையும் நோயையும் சொல்லி எல்லோரும் மன்றாடினார்கள். அவரிடம் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

மூன்று மாதம் கழித்து ஒரு செவ்வாய், பக்கத்துக் கட்டிலில் வேறொருவர் இருந்தார். காளிமுத்து பின்னேரத்துக்கு மாறிவிட்டதாகச் சொன்னார்கள். நான் முடித்து வெளியே வரும்போது அவர் நடையில் வாங்கிலில் உட்கார்ந்து காத்திருந்தார்.

“என்ன காளிமுத்து, ஏன் நேரத்தை மாத்தினனீர்?”

“அந்திக்குத்தாங்க ஐயா எனக்கு வசதி.”

எனக்கு முகத்தில் அறைந்தது போலிருந்தது. அந்த ஞாயிறு சபையில், அவர் இருதயத்தைக் கடினப்படுத்திக்கொண்டார் என்று சொன்னேன். அதையும் கூசாமல் சொன்னேன்.

சில கிழமைகளின் பின் சபைச் சகோதரர் ஒருவர் டயாலிசிஸ் நேரத்திலேயே என்னைப் பார்க்க வந்தார். அன்று எனக்கு இரத்த அழுத்தம் விழுந்து வாந்தி. கெண்டைக்கால் முறுக்கி இழுத்தது. அவர் என் தலையில் கைவைத்து உரத்து ஜெபித்தார். நிறுத்தவில்லை. கை நிறைய ஊசி, எங்கே போவேன்? அவர் போனால் போதுமென்று ஆமென், ஆமென் என்றேன். அவர் மகிழ்ந்து இன்னும் கொஞ்சம் ஜெபித்தார்.

அவர் போனதும் பொறுப்புத் தாதியைக் கூப்பிட்டுக் காளிமுத்துவைப் பற்றிக் கேட்டேன். சிங்களப் பெண்மணி, எண்ணி எண்ணித் தமிழ் பேசுவார்.

“அவர்தான் மாத்தக் கேட்டது. பக்கத்து ஐயா நிறையப் பேசுறது, தூங்க இல்லைன்னு சொன்னது. இப்ப ஆறு மணிக்கு முடிஞ்சா தோட்டத்துக்குப் போக பஸ் இல்லை. அஞ்சு மணிக்குக் கழட்டச் சொல்றது. நான் ஏசுறதுதான். கேக்கிறது இல்லை.”

எனக்கு ஐந்து மணியென்றாலும் ஆறு மணியென்றாலும் ஒன்றுதான். குண்டசாலைக்கு முச்சக்கர வண்டியிலேயே போய்விடலாம். என் காலை நேரத்தை அவருக்குக் கொடுத்து, அவருடைய நேரத்தை நான் எடுக்கிறேன் என்றேன். அடுத்த செவ்வாயிலிருந்து மாற்றித் தருவதாகச் சொன்னார்.

அந்தச் சனிக்கிழமை காளிமுத்துவை வார்டில் சேர்த்தார்கள். நுரையீரலில் நீர் கோத்திருந்தது. டயாலிசிஸ் நேரம் குறைந்தால் எடுக்க வேண்டிய நீர் உடம்பிலேயே தங்கிவிடும். மூச்சுக்குக் கவசம் போட்டிருந்தார்கள். கால்மாட்டில் அவர் மனைவி நின்றார். நான் அதுவரை காளிமுத்துவை ‘நீர்’ என்றுதான் பேசியிருந்தேன். அன்று வாய் தானாக மாறியது.

“பேசாதேங்கோ எண்டு எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே, காளிமுத்து. நீங்கள் சொல்லியிருந்தால் விட்டிருப்பனே.”

அவர் கவசத்தை விலக்கினார். “படிச்சவங்க பேசுறப்ப எப்புடிங்க வாய மூடுங்கன்னு சொல்றது? ஒருநா மூஞ்சிய செவுத்துப் பக்கமா திருப்பிப் பாத்தேங்க. நீங்க சத்தத்தக் கூட்டுனீங்க.”

எனக்கு அந்த நாள் ஞாபகம் இருந்தது. அவருக்குக் காது மந்தமோ என்று நினைத்துத்தான் குரலை உயர்த்தினேன்.

“செவ்வாயிலையிருந்து காலமை நேரம் உங்களுக்கு. நான் பின்னேரம் வாறன். சிஸ்டரோடை கதைச்சிட்டன்” என்றேன்.

“சரிங்க ஐயா” என்றார்.

எத்தனையோ முறை கேட்ட சொல். அது எந்த வகைச் ‘சரி’ என்று எனக்கு அன்றும் தெரியவில்லை. திங்கட்கிழமை விடியற்காலை அவர் இறந்துபோனார்.

அவருடைய இதயமும் ஏற்கனவே பலவீனம், ஒரு மணித்தியாலத்தை மட்டும் குற்றம் சொல்ல முடியாது என்றார் டொக்டர். இரக்கமுள்ளவர். சபையில் போதகர், “நீங்கள் விதைத்துவிட்டீர்கள் பிரதர், விளைச்சல் கர்த்தருடையது” என்றார்.

“நான் விதைக்கேல்லை. விரட்டினனான்” என்றேன். பக்கத்திலிருந்த ஜெயராணி என் கையைப் பிடித்தாள்.

நான் இன்னும் விசுவாசிதான். ஞாயிறு தவறாமல் போகிறேன். ஆனால் ‘திறந்த வாசல்’ என்று யாராவது சொன்னால் எனக்கு எரிச்சல் வருகிறது. இதை வாசிக்கும் டயாலிசிஸ் நோயாளிகளுக்கு இரண்டே விடயம் சொல்வேன். என்ன அவசரமென்றாலும் நேரத்தைக் குறைக்காதீர்கள். பக்கத்துக் கட்டில்காரர் தொந்தரவு என்றால் அவர் முகத்துக்கு நேரே சொல்லுங்கள், கட்டிலை மாற்றக் கேளுங்கள். என்னைப் போன்ற விசுவாசிகளுக்கு ஒன்று: எழும்பிப் போக முடியாதவனிடம் பேசுவது ஊழியமல்ல.

இப்போது நான் பின்னேரத்தில் படுக்கிறேன். காலை நேரத்தை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்கள். ஊசி ஏறி ஏறி என் கை முண்டும் முடிச்சுமாகிவிட்டது. தொட்டால் உள்ளே இரத்தம் இரைவது தெரியும். முதல் மூன்று மணித்தியாலம் எப்படியோ போய்விடும். பிறகு ஐந்து மணிக்கு மெசினின் திரை, மீதி அறுபது நிமிடம் என்று காட்டும். காளிமுத்து ஊசியைக் கழற்றச் சொல்லி, பஞ்சை அழுத்திப் பிடித்தபடி பஸ்ஸுக்குப் போன நேரம் அது. அந்த ஒரு மணித்தியாலம் நான் அவரிடமிருந்து பறித்தது. அதை நகர்த்துவது எனக்குப் பெரும்பாடு.

பக்கத்துக் கட்டிலுக்குப் புதிதாக வந்தவர் என்னை வாய் பேசாதவன் என்று நினைத்திருக்கிறார். போன வெள்ளி, மணிக்கட்டைத் தட்டிக் காட்டி, சைகையால் நேரம் கேட்டார். ஊசி இல்லாத கையைத் தூக்கி ஐந்து விரலைக் காட்டினேன்.