கூடை வேண்டாம், பாட்டைப் போடுங்கள்

குணவதியைப் பற்றி எழுத என்னை விட்டால் வேறு ஆள் கிடையாது. ஆறாம் வகுப்பு முடிக்காத இருளப்பன் எழுதுகிறான் என்று யாரும் சிரிக்க வேண்டாம். அந்தப் படிப்பை வைத்துக்கொண்டுதான் பீடோங்கில் ஒன்று, சுங்கைப் பட்டாணியில் ஒன்று என்று இரண்டு டயர் கடை நடத்துகிறேன். ஏழு பேர் என்னிடம் வேலை செய்கிறார்கள். இருபத்தேழு வயதில் செம்பனைக் குலை ஏற்றிய லோரியின் மேலிருந்து விழுந்தேன். இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. இனி இவன் அவ்வளவுதான் என்று தோட்டத்தில் பேசிக்கொண்டார்கள். அப்படிப் பேசியவர்களில் பாதிப் பேருக்கு இன்றைக்கு நான்தான் டயர் மாட்டுகிறேன். எனக்கு இப்போது அறுபத்தொன்று. என் கதை போதும், அவள் கதைக்கு வருகிறேன்.

குணவதிக்கு ஐம்பத்திரண்டு வயது. பீடோங் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவள். நாலு வயதில் இளம்பிள்ளைவாதம் வந்து இரண்டு காலும் சூம்பிவிட்டன. தையல் கற்றுக்கொண்டாள். இன்று சுங்கைப் பட்டாணியில் சொந்த வீடு, மூன்று தையல் மிசின். கல்யாண மாதத்தில் ரவிக்கை தைக்கக் கொடுத்துவிட்டு மணப்பெண்கள் அவள் வீட்டு வாசலில் காத்துக் கிடப்பார்கள். பிரேக்கையும் வேகத்தையும் கையாலேயே பிடிக்கிற மாதிரி மாற்றிய காரைத் தானே ஓட்டுகிறாள். நூற்றுக்கணக்கான கல்யாணத்துக்குத் தைத்தவளுக்கு ஒரு மாப்பிள்ளை பார்க்கலாம் என்று மட்டும் வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை. தம்பி சத்தியசீலனுக்குப் பெண் பார்க்கப் போன அன்று எல்லாரும் வேனில் ஏறினார்கள். அவள் மட்டும் வீட்டைப் பார்த்துக்கொண்டால் போதும் என்று விட்டுவிட்டுப் போனார்கள். அன்றைக்குக் கிளம்புவதற்கென்று தான் உடுத்தியிருந்த புடவையின் நிறத்தை இப்போது கேட்டாலும் சொல்வாள்.

நான் அவளை முதலில் பார்த்தது போன வருடம். பீடோங் கடையில் நாலு புது டயர் போட்டுக்கொண்டு போனாள். மறுநாள் காலையிலேயே திரும்பி வந்து ஹார்ன் அடித்தாள். காரை விட்டு இறங்கவில்லை. பாஸைக் கூப்பிடுங்கள் என்று என் ஆள்களிடம் சொல்லியிருக்கிறாள். நான் சக்கர நாற்காலியை உருட்டிக்கொண்டு அவள் கண்ணாடிக்குப் பக்கத்தில் போனேன். மற்றவர்கள் என் நாற்காலியைப் பார்த்ததும் குரலை இறக்கிக்கொள்வார்கள். இவள் இறக்கவில்லை.

"எழுபதுக்கு மேல போனா ஸ்டேரிங் நடுங்குது பாஸ். நான் கையாலயே எல்லாம் பண்றவ, எனக்குத் தெரியாதா? உங்க பேலன்ஸ் சரியில்ல."

முப்பது வருடத்தில் என் கையில் பேலன்ஸ் தப்பியது கிடையாது. அதை அவளிடமும் சொன்னேன். மிசினில் ஏற்றிப் பார்த்தால் முன் சக்கரத்தில் பேலன்சுக்கு அடிக்கிற ஈயத் துண்டு ஒன்றைக் காணோம். அவள் சொன்னதுதான் சரி. பின் இருக்கையில் மடித்துக் கிடந்த அவளுடைய சக்கர நாற்காலியை அப்போதுதான் கவனித்தேன். அதன் டியூப் இரண்டையும் மாற்றிக் கொடுத்தேன். காசு வாங்க மாட்டேன் என்றேன். வாங்கிக்கொள்ளாவிட்டால் வேறு கடைக்குப் போவேன் என்றாள். வாங்கிக்கொண்டேன். பிறகு டயர் எப்படி இருக்கிறது என்று கேட்கிற சாக்கில் வாரத்துக்கு மூன்று முறை போன் செய்தேன். எந்த டயருக்கும் அவ்வளவு விசாரிப்பு தேவையில்லை என்பது அவளுக்கும் தெரியும்.

ஆறு மாதம் போனிலேயே போனது. வெளியே எங்காவது உட்கார்ந்து பேசலாம் என்றால் எங்கே போவது? பாட்டுப் பாடுகிற கரோக்கே கடைகள் எல்லாம் மாடியில். சாப்பாட்டுக் கடை வாசலில் சாக்கடை, அதைத் தாண்டினால் படி. போன் போட்டுக் கேட்டால், ரெண்டே படிதான் அண்ணே, ஆள் இருக்கு, தூக்கிவிடலாம் என்பார்கள். தூக்கிக்கொண்டு போகிற இடத்துக்கு குணவதி வரமாட்டாள். அப்போதுதான் சுங்கைப் பட்டாணியில் ஒரு சங்கம் தீபாவளி விருந்து இரவு வைத்தது. சாப்பாடு, பாட்டு, ஆட்டம். மண்டபம் தரைமட்டம். நானே முதல் நாள் போய் வாசலிலிருந்து கழிவறை வரைக்கும் உருட்டிப் பார்த்துவிட்டு, மேடைக்கு முன்னால் உள்ள மேசையில் இரண்டு டிக்கெட் வாங்கினேன்.

இரண்டு கார்களில் போனோம், என்னுடையதும் கையால் ஓட்டுகிற கார்தான். ஒரே காரில் போனால் இருவரும் ஏறிய பிறகு கடைசி நாற்காலியை யார் எடுத்து வைப்பது? நடக்கிற சோடிகளுக்கு இந்தக் கணக்கு கிடையாது. பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினோம். பச்சைப் பட்டும் தானே தைத்த ரவிக்கையும் போட்டிருந்தாள். என் ஜிப்பா பினாங்கில் எடுத்தது, அதற்கும் குறைவில்லை. உள்ளே போகும் முன் கேட்டாள்.

"யாராச்சும் நான் யாருன்னு கேட்டா என்னா சொல்லுவீங்க?"

"கேக்கட்டும் லா. எனக்கென்னா பயமா?"

"இத்தன வருசம் என்னய பின்னாலயே வச்சிட்டாங்க. இனிமே நான் பின்னால இருக்க மாட்டேன். நீங்களும் மழுப்புனீங்கன்னா இதான் கடைசி."

பயம் என்கிற சொல்லே எனக்குத் தெரியாது என்றேன். உண்மையும் அதுதான். வங்கி மேனேஜரிடம் மேசையைத் தட்டிப் பேசியவன் நான். ஆனால் மேசையில் போய் உட்கார்ந்து ஐந்து நிமிடம் ஆவதற்குள் சங்கத்துச் செயலாளர் பரஞ்சோதி வந்தார். நல்ல மனுசன், நாலு பேருக்கு உதவி என்றால் ஓடுகிறவர். என் தோளில் கையை வைத்து, கூட வந்திருக்கறது தங்கச்சியா என்று கேட்டார். அந்த மேசையில் இருந்த எட்டுப் பேரும் திரும்பினார்கள்.

"தெரிஞ்சவங்க," என்றேன்.

வாய் அதைச் சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது. குணவதி தட்டில் பிரியாணியைச் சுற்றிச் சுற்றி நகர்த்திக்கொண்டிருந்தாள். கைப்பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். பை மடிக்கு வந்தால் அவள் கிளம்பப் போகிறாள் என்று அர்த்தம். ஆட்டிறைச்சி நன்றாக இருக்கிறது, போட்டுக்கொள்ளுங்கள் என்றேன்.

அந்த நேரத்தில் மேடையிலிருந்து பரஞ்சோதியின் குரல் வந்தது. இன்றைக்கு நம்மோடு இரண்டு மாற்றுத்திறனாளி உறவுகள் வந்திருக்கிறார்கள், அவர்களுக்குச் சங்கத்தின் சார்பில் அன்பளிப்பு என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். தொண்டர் சட்டை போட்ட நாலு பேர் ஓடிவந்து, ஒரு வார்த்தை கேட்காமல், சப்பரம் தூக்குவதுபோல் குணவதியின் நாற்காலியைப் பிடித்துத் தூக்கினார்கள். முன் சக்கரம் தரையை விட்டுவிட்டது.

"எறக்குங்க," என்றாள்.

கத்தவில்லை. ஆனால் இறக்கிவிட்டார்கள். மேடைக்கு வர முடியவில்லை என்று பரஞ்சோதி நினைத்துக்கொண்டு மைக்கோடு கீழே வந்தார். அரிசி, எண்ணெய், பால் மாவு, பிஸ்கட் எல்லாம் வைத்துப் பளபளவென்று காகிதம் சுற்றிய கூடையை அவள் மடியில் வைத்தார். ஒருவர் படம் எடுக்கக் குனிந்தார். அவள் கூடையைத் தூக்கி மேசை மேல் வைத்தாள், தண்ணீர்க் கிளாஸ் ஒன்று சாய்ந்தது. எனக்குக் கோபம் சுர்ரென்று தலைக்கு ஏறியது. மைக்கைப் பிடுங்கினேன்.

"எனக்கு ரெண்டு கடை இருக்கு. ஏழு பேருக்குச் சம்பளம் குடுக்கறவன் நானு. எங்கிட்ட வந்து பால் மாவு…"

அவள் என் ஜிப்பாக் கையைப் பிடித்து இழுத்தாள்.

"கடயப் பத்தி யாரு கேட்டா? ஏழையா இருந்தா மட்டும் மடியில வச்சுப் படம் எடுக்கலாமா? நீங்க சொல்ல வேண்டியது வேற."

மைக் அதையும் பிடித்துக்கொண்டது. முன்னூறு பேர் கேட்டார்கள். லோரியிலிருந்து விழுந்தபோதுகூட நான் இப்படிப் பயந்ததில்லை. ஆனாலும் சொன்னேன்.

"இவங்க பேரு குணவதி. என் தங்கச்சி இல்ல. தெரிஞ்சவங்கன்னு சொன்னேன், அதும் பொய்யி. நான் இவங்கள விரும்பறேன். ரெண்டு பேரும் சோடியா வந்திருக்கோம், டிக்கெட் வாங்கி வந்திருக்கோம். கூடை வேணாம். பாட்டப் போடுங்க."

பின் மேசையில் யாரோ விசில் அடித்தார்கள். எங்கள் மேசையிலேயே ஒரு பெரியவர், இந்த வயசுல இதெல்லாம் தேவையா என்று முணுமுணுத்தார். குணவதி அவர் பக்கம் திரும்பினாள்.

"டிக்கெட்ல வயசு எதும் போடலையே அண்ணே."

அவர் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பரஞ்சோதி கூடையை எடுத்துக்கொண்டு போனார். முகம் சுருங்கித்தான் போனார், அதற்கு நான் என்ன செய்வது? பாட்டு ஆரம்பித்தது. பறை அடி காதைக் கிழித்தது. குணவதி கைப்பையை மேசையில் வைத்துவிட்டு, மேடைக்கு முன்னால் ஆடிக்கொண்டிருந்த கூட்டத்துக்குள் நேராகச் சக்கரத்தை விட்டாள். கால் நசுங்கிவிடும் என்று இரண்டு பக்கமும் விலகினார்கள். ஒரு சக்கரத்தைப் பிடித்து நிறுத்தி மற்றதை இழுத்தால் நாற்காலி பம்பரமாகச் சுற்றும். அதை அவள் செய்தாள். நானும் செய்தேன். நான் நன்றாகவே ஆடுவேன். அவள் என்னைவிட நன்றாக ஆடினாள், அதை மறைத்து எனக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. மூன்று பாட்டு முடிந்தபோது உள்ளங்கை இரண்டும் சிவந்துவிட்டன.

வெளியே வந்து அவரவர் காரில் ஏறிக்கொண்டோம். அவள் கண்ணாடியை இறக்கினாள், நானும் இறக்கினேன்.

"மொதத் தடவயே சொல்லியிருக்கணும்," என்றாள்.

ஆமாம் என்றேன்.

"அடுத்த சனிக்கெழம கோத்தா கோலா மூடாவுல மீன் சாப்பிடப் போறோம். சிமெண்டுத் தரை, நான் கேட்டுட்டேன். தம்பி குடும்பமும் வருது. ஆறு மணிக்கு வந்துருங்க."

ஐந்தரைக்கே போய்விட்டேன். குணவதியோடு சத்தியசீலனும் அவன் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். என் நாற்காலியைப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான், யார் என்று கேட்டான். நான் வாயைத் திறக்கப் போனேன். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"மாப்பிள்ள. நானே பாத்துட்டேன்."

கடல் காற்றில் மேசைத் துணி படபடத்தது. சத்தியசீலனின் மனைவி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவன் எழுந்து, அக்காவுக்குப் பக்கத்தில் இருந்த பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டுபோய் வேறு மேசையில் போட்டான். அந்த இடத்தில் நான் என் சக்கரத்தை உருட்டிக்கொண்டு போய் நிறுத்தினேன்.