மேலே நிற்க ஆள் எங்கே?

மாரிமுத்து அண்ணே, போன வருடத் திருவிழாவில் பிள்ளைகளை ஆற்றில் இறக்கிவிட்டு, மேலே ஓர் ஆளைக்கூட நிறுத்தாமல் இருந்தது நீங்கள்தான். கோயில் தலைவர் நீங்கள். வேறு யாரையும் நான் சொல்லப்போவதில்லை.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கு விவரம் சொல்ல வேண்டும். நான் மலாய் நாட்டில், கோலா பிலா பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் பிறந்தவள். இப்போது நியூசிலாந்தில், ஏரிக்கரை ஊர் ஒன்றில், ஆப்பிளைத் தரம் பிரித்துப் பெட்டியில் அடுக்குகிற கொட்டகையில் வேலை. இங்கே வந்த புதிதில் எனக்கு விளங்காத ஒன்று உண்டு. குளிக்கப் போகிறவர்கள் தண்ணீரைப் பார்ப்பதில்லை. கரையில் நட்டிருக்கும் போர்டைப் பார்க்கிறார்கள். பச்சை என்றால் இறங்குகிறார்கள். சிவப்பு என்றால், தண்ணீர் கண்ணாடி மாதிரிக் கிடந்தாலும், துண்டை மடித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். பெருமழை பெய்தால் வெயில் வந்த பிறகும் சில நாள் யாரும் இறங்குவதில்லை. மாட்டுப் பண்ணை அழுக்கெல்லாம் ஏரியில் வந்து கலந்திருக்குமாம்.

எனக்கு அந்தப் போர்டு போதாது. கரையில் குந்தி ஒரு கை அள்ளி மோந்து பார்ப்பேன். கணுக்கால் அளவில் நின்று சில்லிப்பு மாறுகிறதா என்று பார்ப்பேன். பிறகு தலையைத் திருப்பி மலையைப் பார்ப்பேன். ஒருநாள் பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரப் பெண் தன் பிள்ளைகளிடம், "சத்தம் போடாதீங்க, அவங்க சாமி கும்பிடறாங்க" என்றாள். "சாமி கும்பிடல, தண்ணி எப்படி இருக்குன்னு பாக்கறேன்" என்றேன். "போர்டு பச்சையாத்தானே இருக்கு" என்றாள். போர்டு மலையைப் பார்க்குமா என்று கேட்க நினைத்தேன். என் ஆங்கிலத்தில் அது சண்டை மாதிரிக் கேட்கும். விட்டுவிட்டேன்.

தோட்டத்தில் ஞாயிற்றுக்கிழமை என்றால் லயத்து வரிசை வீட்டுச் சனம் முழுக்க ஆற்றில்தான் இருக்கும். துணிமூட்டை, சோப்பு, சோற்றுச் சட்டி, சார்டின் சம்பல், அழுகிற குழந்தைகள், எல்லாம் போகும். ஆனால் யாரும் உடனே இறங்கமாட்டார்கள். முதலில் ஒருவர் மேலே போவார். மேலே என்றால் ஆறு வளைகிற இடத்தில் இருந்த மரப்பாலம். அங்கிருந்து பார்த்தால் மலை தெரியும். அவர் கையில் ரப்பர் பால் வாளியும் ஒரு கட்டையும் இருக்கும். நாங்கள் குளிக்கிற இடத்தில் வெயில் காயும்போதே மலையில் மழை கொட்டும். அந்தத் தண்ணீர் மொத்தமாகத் திரண்டு இறங்கும். மலாய்க்காரர்கள் அதைக் கெப்பாலா ஆயர் என்பார்கள், தண்ணீரின் தலை. அது வருவதற்குமுன் காய்ந்த இலையும் குச்சியும் மிதந்து வரும். தண்ணீர் தேத்தண்ணி நிறத்துக்கு மாறும். கால் சட்டென்று சில்லிடும். மேலே நிற்பவர் இலையைக் கண்டதும் வாளியைத் தட்டுவார். சத்தம் கேட்டால் தலையில் நுரையோடு இருந்தாலும் ஓடிக் கரையேற வேண்டும். அதற்குப் பிறகுதான் கேள்வி.

மேலே நிற்பவருக்குத்தான் முதல் தட்டுச் சோறு. எங்களை வேலை வாங்குகிற மண்டோராக இருந்தாலும் முறை வந்தால் நின்றாக வேண்டும். ஒருமுறை என் அம்மா வாளியைத் தட்டிவிட்டாள். எல்லோரும் விழுந்தடித்து ஏறினோம். வந்தது யாரோ ஒடித்துப் போட்ட ஒரு கிளை. பாதி சவரம் செய்த முகத்தோடு அப்பா கத்தினார்: "ஏன்டி, ஆடு கடிச்சுப் போட்ட எலைக்கெல்லாம் வாளி தட்டுவியா?"

அம்மா பாலத்திலிருந்தே பதில் சொன்னாள். "அடுத்த வாரம் தட்டல. நீங்க அப்படியே மெதந்து கடல்ல போய் மிச்சத்த செரச்சிக்குங்க."

அந்தச் சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. அந்தச் சோற்றின் ருசி வேறெங்கும் இல்லை. ஆற்றங்கரைக் காற்றில் கலந்த ரப்பர் பால் வாடையைக்கூட நான் தேடுகிறேன்.

பிறகு தோட்டம் கைமாறியது. சனம் டவுன் பக்கம், ராசாவுக்கும் லோபாக்குக்கும் குடிபெயர்ந்தது. கோயில் மட்டும் அங்கேயே நிற்கிறது. சித்திரையில் திருவிழாவுக்கு எல்லோரும் காரில் வருகிறார்கள். ஆற்றில் கரகம் பாலித்த பிறகு, அதாவது கரகத்தை அலங்கரித்துப் பூசை போட்ட பிறகு, பிள்ளைகள் குளிக்கும். போன வருடம் லீவு கேட்டு நானும் வந்தேன். அதே வளைவு, அதே கற்கள். வந்ததும் உங்களிடம் முதலில் கேட்டது இதைத்தான்:

"அண்ணே, மேல யாரு நிக்கறா?"

"பாலமே போயிடுச்சு, மேல எங்க போய் நிக்கறது? தண்ணியப் பாரு, பளிங்கு. நம்ம ஆறு தங்கச்சி, நமக்குத் தெரியாதா? எலை வந்தா ஏறிக்கலாம் லா."

"அக்காவுக்கு அங்க போர்டு பாத்துதான் பழக்கம்" என்றான் ஒருத்தன். கரையே சிரித்தது.

அந்தக் கரையில் இலையின் அர்த்தம் தெரியாத பெரியவர் ஒருவர்கூட இல்லை. அதுதான் எங்களைக் கெடுத்தது. வெளியூர்க்காரன் பயந்தாவது நின்றிருப்பான். நாங்கள் பழைய ஆற்றை மனதில் வைத்துக்கொண்டு புதிய ஆற்றில் பிள்ளைகளை விட்டோம். முன்பெல்லாம் இலை வந்த பிறகு துணியைப் பிழிந்து, சட்டியைத் தூக்கிக்கொண்டு ஏற நேரம் இருந்தது. இப்போது மேலே ரப்பர் மரம் இல்லை. எண்ணெய்க்குச் செம்பனை நட மலையையே மொட்டையடித்திருக்கிறார்கள். செம்மண் தண்ணீரைப் பிடித்து வைக்காது. அன்றைக்கு இலையும் தண்ணீரும் ஒன்றாக வந்தன.

மற்ற பிள்ளைகளை இழுத்துப் போட்டுவிட்டோம். என் தங்கச்சி மகள் துளசி கல்லிடுக்கில் மாட்டிக்கொண்டாள். அவள் அப்பா தலைமுடியைப் பிடித்துத்தான் இழுத்தார். உயிர் இருந்தது. கால் முறிந்திருந்தது. பள்ளியில் ஓட்டக்காரி அவள். இன்னும் நொண்டுகிறாள்.

அன்று சாயந்திரம் நீங்கள் மைக்கில் சொன்னீர்கள்: "ஆத்தா காப்பாத்திட்டா." ஆத்தா தன் வேலையைச் செய்தாள். உங்கள் வேலை?

இந்த வருட நோட்டீஸ் வாட்சாப்பில் வந்தது. அதே ஆறு, அதே இடம். "கரகத்திற்குப் பின் பிள்ளைகளுக்கு ஆற்றுக் குளியல், விளையாட்டு." மேலே யார் என்று குழுவில் கேட்டேன். கைகூப்புகிற படம் ஒன்று போட்டீர்கள். அன்றே துளசி எனக்குத் தனியாக எழுதினாள். "பெரியம்மா, நீங்க வருவீங்களா? நீங்க மேல நின்னா நான் எறங்கறேன்."

என்னால் வர முடியாது. சித்திரையில் இங்கே ஆப்பிள் பறிக்கிற காலம், போன வருடம் கெஞ்சி வாங்கிய லீவு இந்த வருடம் கிடைக்காது. அவளுக்கு இன்னும் பதில் எழுதவில்லை. நேற்று வேலை முடிந்து ஏரிக்குப் போனேன். போர்டு பச்சை. கணுக்கால் அளவில் நின்றுகொண்டு பழக்கத்தில் பின்னால் திரும்பிப் பார்த்தேன், பாலத்தில் ஆள் நிற்கிறதா என்று. ஏரிக்கு ஏது பாலம்? ஆனாலும் வாளிச் சத்தத்துக்குக் காது கொடுத்தபடிதான் நின்றேன்.

அண்ணே, பாலம் போனாலும் கரை இருக்கிறது. தோட்டத்துச் சாலையில் ஒரு காரை நிறுத்தி ஹாரன் அடிக்க ஆள் போடலாம். மலை கறுத்தால் யாரும் இறங்கக்கூடாது என்று சொல்லலாம். கைகூப்புகிற படம் வேண்டாம். கொடியேற்றத்தன்று, சனம் எல்லாம் இருக்கும்போது, துளசியை முன்வரிசையில் உட்காரவைத்து, அதே மைக்கில் பெயரோடு சொல்லுங்கள். இந்த வருடம் மேலே யார்?