மூன்று ஆட்டத்துப் புலி

கரமனை ஆற்றின் இரு கரையிலும் பிச்சுமணியைப் போல் பேஸ்பால் தெரிந்தவர் பிறக்கவே இல்லை. சரி, இது கொஞ்சம் கூட்டிச் சொன்னதுதான்; அவர் பேஸ்பால் மட்டையைத் தொட்டதுகூடக் கிடையாது. அவர் ஆடியது கணினிக்குள் நடக்கும் பேஸ்பால். வீரர்களைக் கணினியே படைக்கும், அவர்களுடைய திறமையை ஒளித்து வைத்துக்கொண்டு ஆட்டங்களையும் அதுவே ஓட்டும். வருகிற எண்களைப் பார்த்து ஆளை எடைபோடுவதுதான் அணிச் சொந்தக்காரரின் வேலை.

எட்டு ஆடிட்டர்கள் சேர்ந்து நடத்திய போட்டி அது. பிச்சுமணியின் அணிக்குக் 'கரமனைக் கொக்குகள்' என்று பெயர். பெற்ற பிள்ளையைப்போல் வளர்த்த அணி. கடைசி இடத்துக்குப் போகிறவர் அணியைப் பறிகொடுத்துவிட்டு வெளியேற வேண்டும் என்பது அவர்கள் வைத்த சட்டம்.

சீசன் தொடங்கிய புதிதில் ஹரிகுமார் வீட்டுக்கு வந்தார். அவரும் ஆடிட்டர், போட்டியில் இன்னொரு அணிக்காரர், கல்லூரியிலிருந்து ஒட்டிக்கொண்ட சிநேகிதர்.

"டே பிச்சு, எங்கிட்ட பெர்ரின்னு புதுசா ஒருத்தன் பந்து எறியுதான். மூணு ஆட்டத்துல ஒரு ரன் கொடுக்கல கேட்டியா. உன் கிழட்டு டோர்சனைத் தந்துட்டு இவனை எடுத்துக்கோ."

"இத்தனை சமர்த்தனை எதுக்குடா தள்ளி விடறே?"

"நமக்குள்ள என்னடே கணக்கு?"

புள்ளியியல் படிக்கும் மகள் திவ்யலட்சுமி எட்டிப் பார்த்தாள். "மூணு ஆட்டம் போறாதுப்பா. எது அதிர்ஷ்டம், எது கைத்திறமைன்னே தெரியாது."

"போடி! முப்பது வவுச்சரைப் பாத்து ஒரு கம்பெனியோட வருஷக் கணக்குக்கே கையெழுத்துப் போடறவன் நான்."

உண்மைதான். ஆனால் அந்த முப்பதையும் அவரே கட்டின் நடுவிலிருந்து உருவுவார். கம்பெனிக்காரர் எடுத்து நீட்டினால் தொடமாட்டார். இந்த மூன்றை நீட்டியது ஹரி என்பதால் அந்த நினைப்பே வரவில்லை; டோர்சனைக் கொடுத்துப் பெர்ரினை எடுத்துக்கொண்டார்.

நாலாவது ஆட்டத்தில் பெர்ரின் செம்மையாக வாங்கிக் கட்டிக்கொண்டான். கண்ணேறு என்று பிச்சுமணி பொறுத்துக்கொண்டார். அடுத்ததிலும் அதே கதி. பெர்ரின் எறிந்து அடிபட்ட பந்தெல்லாம் விழிஞ்ஞம் துறைமுகத்தில் நிற்கும் கப்பல்மேல் போய் விழுவதாக மற்றவர்கள் கேலி செய்தார்கள். கிழட்டு டோர்சன் ஹரிக்குக் கோப்பையை வாங்கிக் கொடுத்தான். கொக்குகள் கடைசி. அணி கைமாறியது.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை ஹரிகுமார் மைசூர்பாகோடு வந்தார். பிச்சுமணி பெட்டியைத் திறக்கவில்லை.

"அவன் லாயக்கில்லைன்னு உனக்கு முன்னாடியே தெரியுமாடா?"

"வெறும் விளையாட்டுதானேடே..."

"தெரியுமா, தெரியாதா?"

ஹரிகுமார் தரையைப் பார்த்தார். "தெரியும். நம்ம போட்டியை அப்படியே நகலெடுத்து, தனியா ஐநூறு சீசன் ஓட்டிப் பாத்தாச்சு. மொத மூணு ஆட்டம் சும்மா குருட்டு அதிர்ஷ்டம். மொத்தமாப் பாத்தா அவன் சாதாரணத்துக்கும் கீழே."

பிச்சுமணிக்கு அணி போனதுகூடப் பெரிதாகத் தோன்றவில்லை. "நீ ஐநூறு பாத்துட்டு, எனக்கு மூணைக் காட்டியிருக்கே."

காப்பி டம்ளர்களை மேஜையில் வைத்த திவ்யலட்சுமி, அப்பாவின் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்:

"ஆயிரம்ப்பா. ஐநூறு முடிச்சுக் கொடுத்தேன். போறாதுன்னு ஹரி மாமாதான் எங்கிட்ட இன்னும் ஐநூறு ஓட்டித் தரச் சொன்னார்."