வன்கூவரில் கரடி மேய்க்கும் தம்பி

ரொறன்ரோவில் யூத ஆலயமொன்றில் பராமரிப்பு வேலை எனக்கு. பொய்யையும் சிரிக்கச் சிரிக்கச் சொல்லும் வாய். மனம் நொந்து நான்கு மாதமாக அறையை விட்டு வராத தம்பியை, “வன்கூவரில் கரடி மேய்க்கிறான்” என்று எல்லோருக்கும் சொல்லி வைத்திருந்தேன்.

ஒரு சனிக்கிழமை, நோயாளிகளுக்காகப் பிரார்த்திக்கும் நேரத்தில் ஒருவர் எழுந்து, “என் மகள் சாக முயன்றாள்” என்றார். யாரும் குசுகுசுக்கவில்லை. அவர்கள் வழக்கப்படி அவள் பெயரோடு தாயின் பெயரையும் சேர்த்துச் சொல்லி வேண்டினார்கள். கதவோரம் நின்ற எனக்குப் பகிடி ஒன்றும் வரவில்லை.

அன்று மாலை பக்கத்து மார்க்கம் நகரில் இருக்கும் அன்ரி தொலைபேசியில், “தம்பி எப்ப வாறான்?” என்றா.

“அவன் இஞ்சைதான், அன்ரி. மனம் சரியில்லை. வெக்கத்திலை பொய் சொன்னனான்.”



“சாப்பிடுறானோ, மோனை?”

“இல்லை, அன்ரி.”

நான்கு மாதமாக அந்தக் கேள்வியை யாரையும் கேட்கவிடாமல் வைத்திருந்தவன் நான்தான்.